மேட்டுப்பாளையம் டு ஊட்டி: மைலேஜ் என்ன ஆச்சு?

கார் வாங்கியபோது ஷோரூமில் சொன்ன கணக்கு, லிட்டருக்கு 20 கி.மீ. அதை நம்பித்தான் போன மே மாதம் ஊட்டிக்குக் கிளம்பினோம். நான் ஓட்ட, அப்பா, அம்மா, குழந்தைகள், டிக்கி நிறைய பைகள்.

மேட்டுப்பாளையத்தில் டேங்க்கை நிரப்பி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கினேன். பாக்குத் தோப்புகளைத் தாண்டி, கல்லாறு கடந்ததும் ஏற்றம். பர்லியார் பழக்கடைகளில் சின்ன பிரேக். பிறகு குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். முதல் கியர், இரண்டாம் கியர் என்று மாற்றி மாற்றி ஏறினோம்.

51 கி.மீ. ஓடி, ஊட்டி பங்க்கில் மறுபடி நிரப்பினால் 5.1 லிட்டர் பிடித்தது. லிட்டருக்குப் பத்தே கிலோமீட்டர்!

"நம்மள ஏமாத்திட்டாங்கம்மா" என்றார் அப்பா.

ஏமாற்று இல்லை. ஷோரூமில் சொல்லும் ஏ.ஆர்.ஏ.ஐ. மைலேஜ், சோதனைக்கூடத்தில் எடுப்பது. உருளைகள் மேல் காரை நிறுத்தி, குறித்த வேகங்களில் சக்கரங்களைச் சுழல விடுவார்கள். உச்ச வேகம் 90 கி.மீ. ஏ.சி. ஓடாது. மலை இல்லை, டிராஃபிக் இல்லை, டிக்கியில் பைகளும் இல்லை. எல்லா கார்களுக்கும் ஒரே பரீட்சை என்பதால், இரண்டு கார்களை ஒப்பிட அந்த எண் உதவும். நம் பயணச் செலவைச் சொல்லாது. ஊட்டியோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அத்தனை எடையையும் அவ்வளவு உயரம் தூக்கியது பெட்ரோல்தானே!

திரும்பும்போது கோத்தகிரி வழி இறக்கம். "நியூட்ரல்ல விடும்மா, பெட்ரோல் மிச்சம்" என்றார் அப்பா. அவர் ஓட்டிய பழைய கார்களின் பழக்கம் அது.

"வேண்டாம்ப்பா" என்றேன். இன்றைய கார்களில், கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜினுக்குப் பெட்ரோல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் தன்பாட்டுக்குப் பெட்ரோல் குடிக்கும். அதோடு, பாரம் முழுவதும் பிரேக் மேல் விழும். பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போனால் வளைவில் என்ன ஆகும்? இரண்டாம் கியரிலேயே நிதானமாக இறங்கினோம்.

மேட்டுப்பாளையத்தில் நிரப்பியபோது, 64 கி.மீ.க்கு 2.4 லிட்டர்தான் ஆகியிருந்தது. ஏறி இறங்கியதற்குச் சேர்த்துப் பார்த்தால் லிட்டருக்கு 15 கி.மீ. இறக்கத்தில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கிறது; முழுதாக இல்லை.

நீங்களும் டேங்க் நிரப்பி, ஓடிய தூரத்தை அடுத்த முறை நிரப்பும் லிட்டரால் வகுத்துப் பாருங்கள். நாலைந்து முறை பார்த்தால் உங்கள் காரின் உண்மையான மைலேஜ் பிடிபடும். மலை ஏறும் முன் அதிலும் பாதியைக் கணக்கில் வையுங்கள், அடிவாரத்திலேயே டேங்க்கை நிரப்பிவிடுங்கள்.

எங்கள் காரில் இப்போது அதற்கென்றே ஒரு குட்டி நோட்டு இருக்கிறது. எழுதுபவர் அப்பா!