பிள்ளைகள் படிக்கட்டும், பக்கத்தில் நாம் இருப்போம்

2023ஆம் ஆண்டு ஹிரோஷிமா நகரக் கல்வி வாரியம் தன் பள்ளிகளுக்கான அமைதிப் பாடநூலைத் திருத்தியது. 2013இல் அந்த நூல் வந்தபோது, மூன்றாம் வகுப்புப் பக்கங்களில் கெய்ஜி நகாசாவாவின் ‘வெறுங்கால் கென்’ என்ற காமிக்ஸிலிருந்து சில காட்சிகளைச் சேர்த்திருந்தார்கள். திருத்தத்தில் அவை போய்விட்டன. அணுகுண்டில் தப்பிப் பிழைத்த வேறொருவரின் அனுபவம் அந்த இடத்துக்கு வந்தது. வாரியம் காரணங்கள் சொன்னது. சத்தில்லாமல் வாடும் கர்ப்பிணித் தாய்க்காகச் சிறுவன் கென் பிறர் வீட்டுக் குளத்தில் மீன் திருடுவதைப் பிள்ளைகள் தவறாக எடுத்துக்கொள்ளலாம். தெருவில் பாட்டுப் பாடிக் காசு சேர்ப்பது இன்றைய பிள்ளைகளுக்குப் புரியாது. கதையின் சிறு பகுதியை வைத்துக்கொண்டு குண்டுவீச்சின் உண்மையை உணர்த்துவது கடினம்.

கடைசிக் காரணத்தை நான் முழு மனதோடு ஏற்கிறேன். பத்துத் தொகுதிகளாக நீளும் கதையில் சில பக்கங்களைக் கிள்ளி எடுத்துக் கொடுத்தால் எந்தப் பிள்ளைக்கும் எதுவும் ஒட்டாது. ஆனால் அதற்கு மருந்து நீக்குவதா? முழுதாகக் கொடுப்பதல்லவா? மற்ற இரண்டு காரணங்களும் எனக்கு மிகுந்த வருத்தம் தருகின்றன. பசித்த தாய்க்காக மகன் திருடலாமா என்று ஒன்பது வயதுப் பிள்ளை கேட்டால், அந்தக் கேள்விக்காகவே வகுப்பு நடக்க வேண்டும். அந்த மீனின் கதை திருட்டோடு முடிவதும் இல்லை. குளத்துக்காரர் பிள்ளைகளைப் பிடிக்கிறார், அடிக்கிறார், காரணம் தெரிந்ததும் மனம் இளகுகிறார். ஒரு குற்றத்தையும் ஒரு மன்னிப்பையும் சில பக்கங்களுக்குள் காட்டும் கதை எத்தனை பாடநூல்களில் இருக்கிறது?

வாழ்நாளில் பெரும்பகுதியை வகுப்பறையில் கழித்தவன் நான். பாடத்தில் எது இருக்கலாம், எது இருக்கக் கூடாது என்ற பேச்சு எழும்போதெல்லாம் பெரியவர்களின் அச்சம் முன்னே வந்து நிற்கும். பிள்ளையின் தேவை பின்னால் ஒதுங்கும். ஜப்பானியக் காமிக்ஸுக்கு வாசிப்புப் பாடத்தில் இடம் உண்டா என்று கேட்பவர்களுக்கு, அதனால்தான் இந்த ஒரு நூலையும் இதை எழுதிய மனிதரையும் பற்றி முதலில் சொல்ல விரும்புகிறேன்.

நகாசாவா 1939இல் ஹிரோஷிமாவில் பிறந்தவர். 1945 ஆகஸ்ட் 6 காலை, ஆறு வயதில், பள்ளி வாசலருகே ஒரு பெண்மணியோடு பேசிக்கொண்டு நின்றிருந்தார். குண்டு வெடித்த இடத்திலிருந்து சுமார் 1.2 கிலோமீட்டர் தூரம். பள்ளியின் சுவர் அவரை மறைத்தது. பேசிக்கொண்டிருந்த பெண்மணி கருகிப்போனார். வீட்டில் தந்தையும் அக்காவும் தம்பியும் இடிபாடுகளில் சிக்கித் தீயில் மாண்டனர். அதே நாளில் தாய் ஒரு பெண் குழந்தையைப் பெற்றெடுத்தார். அந்தக் குழந்தையும் நெடுநாள் பிழைக்கவில்லை.

தந்தையில்லாத, பசி நிறைந்த அந்தப் பிள்ளைப் பருவத்தில் ஒசாமு தெசூகாவின் ‘புதிய புதையல் தீவு’ என்ற காமிக்ஸ் அவர் கைக்குக் கிடைத்தது. 1947இல் வந்த நூல். அதைப் படித்தபின் தானும் காமிக்ஸ் வரைய வேண்டும் என்ற ஆசை பிறந்தது. படிப்பை முடித்து விளம்பரப் பலகை எழுதும் தொழிலுக்குப் போனார். பிறகு டோக்கியோ சென்று காமிக்ஸ் ஓவியரானார். குண்டைப் பற்றி நெடுங்காலம் அவர் எதுவும் வரையவில்லை. 1966இல் தாய் இறந்தார். ஜப்பானில் தகனத்துக்குப் பின் உறவினர்கள் குச்சிகளால் எலும்புகளை எடுத்துக் கலசத்தில் சேர்ப்பார்கள். அவருடைய தாயின் உடலில் அப்படி எடுக்க எலும்பே மிஞ்சவில்லை. கதிர்வீச்சு தன் தாயின் எலும்பைக்கூட விட்டுவைக்கவில்லை என்று அவர் கொதித்தார். குண்டைப் பற்றிய அவருடைய முதல் கதை 1968இல் வெளிவந்தது. 1973இல் சிறுவர் வார இதழான ‘ஷோனென் ஜம்ப்’பில் ‘வெறுங்கால் கென்’ தொடங்கியது. அடுத்த ஆண்டே அது அங்கே நின்றுபோனது. கதை பிற இதழ்களுக்கு மாறியது. அவற்றில் ஒன்று ஜப்பான் ஆசிரியர் சங்கத்தின் இதழ். ஓர் இதழ் கைவிட்ட கதையை ஆசிரியர்கள் தங்கள் பக்கங்களில் ஏந்திக்கொண்டார்கள் என்பதை நினைக்கும்போது, அதே தொழிலைச் செய்தவனாக எனக்குப் பெருமையாக இருக்கிறது.

இந்தக் கதை பிள்ளைகளைப் பயமுறுத்தும் என்பது உண்மை. தோல் உரிந்து தொங்க நடக்கும் மனிதர்கள் இதில் வருகிறார்கள். இடிந்த வீட்டுக்கடியில் தந்தை சிக்கியிருக்க, தீ நெருங்க, மகன் விலகி ஓட வேண்டிய காட்சி வருகிறது. நேரில் கண்டதைவிடக் குறைத்தே வரைந்ததாக நகாசாவா சொன்னார். கண்டபோது அவருக்கு வயது ஆறு. படத்தில் பார்க்கும் பிள்ளைக்கு வயது ஒன்பது. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்து ஒரு நிமிடம் யோசிக்க வேண்டுகிறேன்.

ஹிரோஷிமா செய்ததைவிடக் கடுமையான முடிவு ஒன்றை ஷிமானே மாநிலத்து மாட்சுவே நகரில் அதற்கு முன்பே எடுத்தார்கள். ஜப்பானியப் படையினர் ஆசிய நாடுகளில் செய்த கொடுமைகளைப் பிற்பகுதித் தொகுதிகளில் நகாசாவா மறைக்காமல் வரைந்திருந்தார். 2012 டிசம்பரில் நகரக் கல்வி வாரிய அலுவலகம், காட்சிகள் அளவு கடந்தவை என்று சொல்லி, பள்ளி நூலகங்களில் நூலைப் பிள்ளைகள் தாமாக எடுக்க முடியாத மூடிய அலமாரிக்கு மாற்றச் சொன்னது. ஆசிரியரின் அனுமதியோடு மட்டும் பிள்ளைகள் படிக்கலாம். அதே மாதத்தில் நகாசாவா நுரையீரல் புற்றுநோயால் காலமானார். 2013 ஆகஸ்டில் செய்தி வெளியே வந்ததும் நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. முடிவெடுத்த முறை சரியில்லை என்று வாரியம் அந்த மாதமே கட்டுப்பாட்டை நீக்கியது.

மூடிய அலமாரி பிள்ளையைக் காக்காது. தனியாகக் கண்டு அஞ்சும் ஒன்றைப் பெரியவர் ஒருவரின் பக்கத்தில் இருந்து கண்டால், அச்சம் கேள்வியாக மாறும். இதை என் வகுப்புகளில் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். மரணத்தைப் பற்றிய பாடம் வரும் நாளில்தான் வகுப்பு முழுதும் கவனமாக இருக்கும். வீட்டில் யாரும் பதில் சொல்லாத கேள்விகளைப் பிள்ளைகள் அன்றுதான் கேட்பார்கள்.

சரி, துயரக் கதை வேண்டுமென்றால் உரைநடையில் கொடுக்கலாமே, படக்கதை எதற்கு என்று என் வயதுக்காரர்கள் கேட்பார்கள். காமிக்ஸைப் படிப்பதற்கு உழைப்பு வேண்டியதில்லை என்ற எண்ணம் நம்மில் ஊறியிருக்கிறது. அது தவறு. ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே என்ன நடந்தது என்பதைப் படிப்பவர்தான் இட்டு நிரப்ப வேண்டும். ஒரு நொடியா, ஓர் ஆண்டா என்று முகத்தையும் நிழலையும் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். பேசுகிறவர் சொல்வது ஒன்று, அவர் கை செய்வது வேறொன்று. இரண்டையும் சேர்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும். சொல்லாததைப் படிக்கும் இந்தப் பயிற்சியைத்தானே கவிதை வகுப்பில் நாங்கள் கொடுக்க முயன்றோம்?

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு, காமிக்ஸ் ஓவியர் ஃபுமியோ கோனோ. அவர் 1968இல் ஹிரோஷிமாவில் பிறந்தவர். போரைக் காணாத தலைமுறை. ஹிரோஷிமாவுக்கு அருகே உள்ள குரே என்ற கடற்படைத் துறைமுகத்தில் போர்க்காலத்தில் வாழ்ந்த இளம் மனைவியின் கதையை ‘உலகின் இந்த மூலையில்’ என்று வரைந்தார். 2009இல் அது முடிந்தது. படம் வரைவதில் பிரியம் கொண்ட அந்தப் பெண் சுசு, குரேயில் சாதாரணக் குண்டு ஒன்று வெடித்து வலக்கையை இழக்கிறாள். அதற்குப் பிறகு வரும் பக்கங்களின் பின்னணிக் காட்சிகளை கோனோ தன் இடக்கையால் வரைந்தார். கோடுகள் நடுங்குகின்றன, வீடுகள் கோணுகின்றன. உலகமே அவளுக்குக் கோணிப்போனது என்று எங்கும் எழுதவில்லை; பக்கமே அதைக் காட்டுகிறது. ஒரு வகுப்பில் ஆசிரியர் எதுவும் சொல்லாமல் அதற்கு முந்தைய பக்கத்தையும் பிந்தைய பக்கத்தையும் காட்டி, என்ன மாறியிருக்கிறது என்று மட்டும் கேட்டால் போதும். நடை என்றால் என்ன, அது எப்படிப் பொருளைச் சுமக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

ஜப்பான் பள்ளிகளுக்குப் படத்தைப் படிக்கும் பாடம் புதியதும் அல்ல. மிட்சுமுரா பதிப்பகத்தின் ஆறாம் வகுப்பு ஜப்பானிய மொழிப் பாடநூலில், அனிமேஷன் இயக்குநர் இசாவோ தகாஹாதா எழுதிய கட்டுரை ஒன்று இடம்பெற்றது. கியோட்டோவின் கோசான்ஜி கோயிலுக்குச் சொந்தமான பழைய ஓவியச் சுருளில் தவளையும் முயலும் மல்யுத்தம் செய்கின்றன. தவளையின் வாயிலிருந்து சில கோடுகள் கிளம்புகின்றன. அந்தக் கோடுகளில் தவளையின் முழக்கத்தைக் கேட்கச் சொல்லித் தருகிறார் தகாஹாதா. மொழிப் பாடத்தில் இதற்கு இடம் கொடுத்தவர்களை வணங்குகிறேன்.

எழுத்தறிவுக்கும் காமிக்ஸ் செய்யும் உதவி ஒன்று உண்டு. ஜப்பானியப் பிள்ளை தொடக்கப் பள்ளியிலேயே 1,026 சீன வழி எழுத்துகளைக் கற்க வேண்டும். சிறுவர் காமிக்ஸில் ஒவ்வொரு கடின எழுத்தின் அருகிலும் ஒலிப்பைச் சிற்றெழுத்தில் அச்சிடுகிறார்கள். கதையின் வேகத்தில் பிள்ளை அகராதி தேடாமலே அந்த எழுத்துகளோடு பழகிவிடுகிறது.

எதிர்த் தரப்பின் ஓர் அச்சம் மட்டும் நியாயமானது. படத்துக்குப் பழகிய பிள்ளை நீண்ட உரைநடையை விட்டு ஓடிவிடும் என்கிறார்கள். உரைநடை தருவதை எந்தக் காமிக்ஸும் தராது என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஒரு நீண்ட வாக்கியத்தின் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை போவது, முகம் தெரியாத மனிதருக்கு நாமே முகம் கொடுப்பது, இவை எழுத்திலிருந்து மட்டும் வருபவை. ஆகவே பாடத்தில் காமிக்ஸுக்கு ஓர் இடம் போதும். முழுப் பாடமும் அதுவாகக் கூடாது. கென்சாபுரோ யோஷினோ 1937இல், போர் சூழ்ந்த நேரத்தில், ‘நீங்கள் எப்படி வாழப் போகிறீர்கள்’ என்ற நூலைச் சிறுவர்களுக்காக எழுதினார். தந்தையை இழந்த ஒரு மாணவனுக்கு மாமா நோட்டில் எழுதித் தரும் வாழ்க்கைப் பாடங்கள் அதில் உண்டு. எண்பது ஆண்டுகள் கழித்து, 2017இல், ஷோயிச்சி ஹாகா அதைக் காமிக்ஸாக வரைந்தார். இருபது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அந்தக் காமிக்ஸில் மாமாவின் நோட்டை அவர்கள் படமாக்கவில்லை. பக்கம் பக்கமாக உரைநடையாகவே விட்டிருந்தார்கள். நண்பர்கள் அடிபட்டபோது துணை நிற்காமல் தலைகுனிந்த சிறுவனைப் படத்தில் கண்ட பிள்ளை, அவனுக்கு மாமா என்ன எழுதினார் என்று அறிய அந்த எழுத்துப் பக்கங்களை விடாமல் படிக்கும். அதேபோல், ‘கெஞ்சியின் கதை’ என்ற ஆயிரம் ஆண்டுப் பழமையான நாவலை வாகி யமாதோ காமிக்ஸாக வரைந்தது பல உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு மூல நூலின் வாசலாக இருந்துவருகிறது.

எல்லாக் காமிக்ஸையும் வகுப்புக்குள் விடச் சொல்லவில்லை. அந்த நாட்டு வார இதழ்களில் வெறும் வெட்டும் குத்தும் நிறைந்தவை உண்டு. பெண் பிள்ளைகளைக் கேவலமாக வரைபவையும் உண்டு. அவை வாசலிலேயே நிற்கட்டும். உரைநடையில் குப்பை இருக்கிறது என்பதற்காக நாம் நாவலைப் பாடத்திலிருந்து நீக்கவில்லை, நல்லதைத் தேர்ந்தெடுத்தோம். அந்தத் தேர்வு உழைப்பை இங்கேயும் யாராவது செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

1955 வாக்கில் ஜப்பானில் தாய்மார் சங்கங்களும் பெற்றோர் அமைப்புகளும் தீய நூல் ஒழிப்பு இயக்கம் நடத்தின. காமிக்ஸ் புத்தகங்கள் குவித்து எரிக்கப்பட்டன. தெசூகாவின் நூல்களும் தாக்குதலுக்குத் தப்பவில்லை. எரித்தவர்கள் கெட்டவர்கள் அல்லர், பிள்ளைகள்மேல் உயிரை வைத்தவர்கள். ஆனால் எரிக்கும் முன் அவர்களில் எத்தனை பேர் படித்திருப்பார்கள்? அந்தக் காலம் மாறிவிட்டது. கியோட்டோவில் 1869இல் தொடங்கிய தாட்சுயிகே தொடக்கப் பள்ளியின் கட்டடத்தில் 2006இல், மங்கா எனப்படும் ஜப்பானியக் காமிக்ஸுக்கான சர்வதேச அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அந்தப் பழைய பள்ளியின் சுவர்களை ஒட்டிய அலமாரிகளில் இப்போது சுமார் 50,000 நூல்கள் கைக்கு எட்டும்படி இருக்கின்றன. பிள்ளைகள் எடுத்துப் புல்வெளியில் கிடந்து படிக்கலாம்.

நம் பேரப்பிள்ளைகளும் இன்று கைப்பேசியில் ஜப்பானியக் காமிக்ஸ் படிக்கிறார்கள். பெரும்பாலும் தனியாக, யாரும் தேர்ந்தெடுத்துக் கொடுக்காததை. தடுப்பதா விடுவதா என்று கேட்கும் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் இது. ‘வெறுங்கால் கென்’ நூலின் பத்துத் தொகுதிகளும் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. முதல் தொகுதியையாவது நீங்கள் முதலில் கடைசிப் பக்கம்வரை படியுங்கள். பிறகு பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து இன்னொரு முறை படியுங்கள். அது கேட்கும் கேள்விகளைக் குறித்து வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு பள்ளிக் கூட்டத்தில் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.