பட்டாணி அளவு, பழியோ மலையளவு!

ஆடிப் பதினெட்டிலே, ஒகேனக்கல்லிலே, புதுப்புனல் காணக் கூட்டம் திரளும். மணமாகி ஆண்டு பல கடந்தும் மடி நிறையாத மாதர் நீரிலே மூழ்கிப் பிள்ளை வரம் கேட்பர். 'மலடி' என்ற சொல்லை ஆற்றோடு அனுப்பிவிட மாட்டோமா என்ற ஏக்கம் அவர்தம் முகத்திலே எழுதியிருக்கும்.

நாம் பாடம் சொல்லும் மாணவனொருவனின் அத்தையும் அவர்களில் ஒருவர். பரிசல் ஓட்டும் குடும்பம். தலைவலி ஓயவில்லை, மாதவிலக்கு நின்று ஈராண்டு. தெய்வக் குற்றம் என்று கூறி, அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டனர் கணவன் வீட்டார்.

"முழுகாம இருந்ததே இல்லைங்க டீச்சர், பாலு மட்டும் சுரக்குதுங்க. என்ன சாபமோ!" என்றார் நம்மிடம்.

"சாபமில்லை அக்கா, நோய்" என்றோம்.

மூளையின் அடியிலே, பட்டாணி அளவிலே இருப்பது பிட்யூட்டரி சுரப்பி. பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் அங்கே பிறக்கிறது. ஒகேனக்கல் வெள்ளத்தை மேட்டூர் அணை தேக்குவதுபோல, மூளை அனுப்பும் டோபமின் அதை அடக்கி வைக்கிறது. சுரப்பியிலே ஒரு கட்டி முளைத்தாலோ, அணை மீறிப் பெருகும் புரோலாக்டின். கருமுட்டை முதிர்வது தடைப்படும். கட்டி பெருத்தால் பார்வை நரம்பும் நசுங்கும். ஆடவருக்கும் இந்நோய் உண்டு, ஆண்மை குன்றும். ஆயினும் 'மலடன்' என்று ஊர் தூற்றக் கேட்டதுண்டா?

கட்டி என்றதும் கத்தி என்று அஞ்சுவர். இந்தக் கட்டிக்கோ, பெரும்பாலோர்க்கு மாத்திரையே போதும். 1970களில் புரோமோகிரிப்டின், 1990களில் காபெர்கோலின். இரண்டும் டோபமினின் வேலையைச் செய்பவை. காபெர்கோலினை வழக்கமாக வாரம் இருமுறை உட்கொண்டால் போதும். புரோலாக்டின் தணியும், கட்டி சுருங்கும், கருவும் தங்கக்கூடும். மருத்துவர் சொல்லாமல் நிறுத்தல் மட்டும் ஆகாது.

இம்மருந்துகளின் மூலம் எது? ரை என்னும் தானியத்தைக் கெடுக்கும் எர்காட் பூசணம். நம் கம்பங்கதிரிலே தேன் ஒழுகல் நோயை உண்டாக்கும் பூசணத்தின் உறவு! நஞ்சிலிருந்து மருந்தெடுத்தது அறிவு. நோயிலிருந்து பழியெடுத்தது அறியாமை!

தருமபுரியிலே குருதிச் சோதனை நடந்தது, எம்.ஆர்.ஐ. படத்திலே கட்டி தெரிந்தது. மாத்திரை தொடங்கிய நான்காம் திங்களில் விலக்கு திரும்பியது. அதற்குள் கணவனுக்கு வேறு மணம் முடிந்துவிட்டது! கட்டியைச் சுருக்க மாத்திரை கிடைத்தது, கல்நெஞ்சைக் கரைக்க?

அன்பர்களே! குழந்தையில்லையா? கணவன், மனைவி இருவரையும் மருத்துவரிடம் அனுப்புங்கள். 'மலடி' என்ற சொல்லை அகராதியோடு விட்டுவிடுங்கள், வீட்டுக்குள் அழைக்காதீர்!