ஐஸ்லாந்துக்கு ஒரு கெலிண்டான்

தினமும் காலையில் வானொலியில் சாலை நிலவரம் சொல்வது என் வேலையில் ஒரு பாதி. கூட்டரசு நெடுஞ்சாலையில் எங்கே நெரிசல், கெசாஸில் எந்தப் பக்கம் லோரி பழுதாகி நிற்கிறது என்று சொல்லிச் சொல்லி, தூக்கத்திலும் அதையே முணுமுணுக்கிறேன் என்பார் என் கணவர். இந்த ஜனவரியிலிருந்து இன்னொரு நாட்டின் சாலை நிலவரமும் சேர்ந்துகொண்டது. நிகழ்ச்சி முடிந்ததும் கோப்பியோடு உட்கார்ந்து ஐஸ்லாந்தின் சாலை வரைபடத்தைத் திறப்பேன். பச்சைக் கோடு என்றால் தாராளமாகப் போகலாம். நீலம் என்றால் வழுக்கும். சிவப்பு என்றால் மூடிவிட்டார்கள். ஜனவரியில் நான் தேடியது பச்சை. கண்ணில் பட்டதெல்லாம் மற்ற இரண்டும்தான்.

மே மாதக் கடைசியில், பள்ளி விடுமுறையில் போகிறோம். நான், கணவர், ஏழு வயது மகள், அப்பா, அம்மா.

ஏன் ஐஸ்லாந்து? 2010-இல் அங்கே ஓர் எரிமலை வெடித்து, சாம்பல் மேகத்தால் ஐரோப்பாவில் நாள்கணக்கில் விமானங்கள் நின்றுபோனது நினைவிருக்கலாம். நான் அப்போது ஊடகவியல் மாணவி. எய்யாஃப்யட்லாயோகுட்ல். இந்தப் பெயரை மூச்சு விடாமல் சொன்னால்தான் செய்தி வாசிப்புப் பயிற்சியில் தேர்ச்சி என்று எங்களுக்குள் ஒரு பந்தயம். நான் தோற்றேன். அன்றைக்குப் பிடித்த ஆசை இது.

கணவர் கணினித் துறைக்காரர், உடனே கணக்குப் போட்டார். தீவைச் சுற்றி ஓடும் வட்டச் சாலை ஏறத்தாழ 1,320 கிலோமீட்டர். ஏழு நாளில் முடித்தால் ஒரு நாளைக்கு 190கூட வராது. "கே.எல்.லேருந்து ஈப்போ போற தூரம்கூட இல்ல," என்றார். கூடவே, படுக்கையும் அடுப்பும் உள்ள ஒரு வேனை வாடகைக்குப் பார்த்துவைத்தார். ஹோட்டல் செலவு மிச்சமாம்.

நம் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு அது. அங்கே தார்ச்சாலையில் வேக வரம்பு 90, சரளைச் சாலையில் 80. பெரும்பாலும் போக ஒரு தடம், வர ஒரு தடம், நடுவில் தடுப்பு கிடையாது. இருபது கிலோமீட்டருக்கு ஒரு ஓய்வுத்தளம், அதில் நாசி லெமாக், கழிப்பறை எல்லாம் கனவு. ஒரே ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய பாலங்கள் இன்னும் இருக்கின்றன. பாலத்துக்கு யார் அருகில் வந்துவிட்டாரோ அவர் முதலில் போவது அங்கே வழக்கம். கோடையில் ஆடுகள் அவிழ்த்துவிடப்பட்டுச் சாலையோரம் மேயும். எல்லாவற்றுக்கும் மேலாக, நாம் இடது பக்கம் ஓட்டுகிறவர்கள், அவர்கள் வலது பக்கம்.

இனி அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பாவுக்கு 69 வயது. முப்பது வருடத்துக்கு மேல் லோரி ஓட்டியவர். கிள்ளானில் சரக்கு ஏற்றினால் கோத்தா பாருவில் இறக்குவார். கிரிக்கிலிருந்து ஜெலிக்குப் போகும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில், விடியற்காலைப் பனிமூட்டத்தில் யானைக்கு வழிவிட்டு நின்ற கதைகளைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். பயணப் பேச்சு வீட்டில் எழுந்த இரண்டாவது வாரம், யாரிடமும் சொல்லாமல் ஜேபிஜே போய் அனைத்துலக ஓட்டுநர் உரிமம் எடுத்து வந்துவிட்டார். சாமி படத்துக்குக் கீழே வைத்து எடுத்து என்னிடம் நீட்டினார்.

நான் சிரித்தேன். வயிற்றைக் கலக்கியது.

அப்பாவுக்கு இனிப்புநீர். இன்சுலின் போட்டுக்கொள்கிறார். கடந்த தீபாவளிக்கு ஈப்போ போகும்போது அவர்தான் ஓட்டினார். ஊசி போட்டுவிட்டு, "போய்ப் பசியாறிக்கலாம்" என்று கிளம்பிவிட்டார். சிலிம் ரிவர் தாண்டியதும் கார் மெல்ல அவசரத் தடத்தை நோக்கி நகர்ந்தது. "அப்பா" என்றேன். பதில் இல்லை. சட்டை முழுக்க வேர்வை. கணவர் முன் இருக்கையிலிருந்து கையை நீட்டி ஸ்டீயரிங்கைப் பிடித்துத்தான் ஓரம் கட்டினோம். ஒரு மைலோ பாக்கெட் குடித்த கொஞ்ச நேரத்தில் அப்பா பழைய அப்பாவாகிவிட்டார். பின்னால் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அதைப் பற்றி வீட்டில் யாரும் பிறகு பேசவில்லை.

கார் வாடகைப் படிவத்தில் ஓட்டுநர் பெயர் கேட்கும் இடத்தில் என் பெயரையும் கணவர் பெயரையும் மட்டும் நிரப்பினேன். அப்பாவிடம் என்ன சொல்வது? மைக்கின் முன்னால் மணிக்கணக்கில் பேசுகிறவளுக்கு வார்த்தை வரவில்லை. கடைசியில் ஒரு பொய் சொன்னேன். "அந்த ஊர்ல 65 வயசுக்கு மேல வாடகைக் காடி தர மாட்டாங்களாம்ப்பா."

அப்பா தலையாட்டினார். மூன்று நாள் கழித்து, பேத்தியை உட்காரவைத்து, அந்த நிறுவனத்தின் விதிமுறைகளை முழுக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். பிறகு என்னிடம் வந்தார். கோபமாக இல்லை.

"குறைஞ்ச வயசுதான் போட்டிருக்கு. கூடுன வயசு எதுவும் போடலையேம்மா."

சிலிம் ரிவரைச் சொன்னேன். பின் இருக்கையில் யார் இருந்தாள் என்பதையும் சொன்னேன். அப்பா எழுந்து வாசலுக்குப் போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார். காலையில்தான் ஊற்றியிருந்தார்.

அடுத்த ஒரு வாரம் வீட்டில் ஐஸ்லாந்துப் பேச்சே இல்லை. கணவர் வேனுக்கு முன்பணம் கட்டவா வேண்டாமா என்று கண்ணாலேயே கேட்பார். "பொறுங்க" என்று நானும் கண்ணாலேயே சொல்வேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். அந்தக் காலத்தில் சரக்குக் கணக்கு எழுதுவாரே, அதே மாதிரி நீளமான நோட்டு. மருமகனை எதிரில் உட்காரச் சொன்னார்.

முதலில் வேனை அடித்துவிட்டார். ஐஸ்லாந்து வானிலை அறிக்கையில் காற்று 20 என்று இருந்ததைக் கணவர் மென்மையான காற்று என்று நினைத்துக்கொண்டிருந்தார். அது வினாடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர். "காலி லோரியே அந்தக் காத்துல ஆடும் தம்பி. உசரமான டப்பா வண்டி வேணாம்." காற்று கார்க் கதவை முறித்துவிட்டால் அந்தச் சேதம் பெரும்பாலும் வாடகைக் காப்புறுதியில் வராது என்பதையும் குறித்துவைத்திருந்தார். காற்றுக்கு முகம் காட்டி நிறுத்த வேண்டும், கதவைக் கையால் பிடித்துக்கொண்டே திறக்க வேண்டும்.

அடுத்து, முழுச் சுற்று வேண்டாம். "சுத்தி வந்தா சாலையத்தான் பார்ப்பீங்க." தெற்குக் கரை மட்டும் போதும் என்றார். செல்யாலாண்ட்ஸ்ஃபோஸ், ஸ்கோகாஃபோஸ் அருவிகள், வீக் என்ற கடலோரச் சிற்றூர், பனிக்கட்டிகள் மிதக்கும் யோகுல்சார்லோன் ஏரி, பிறகு வந்த வழியே திரும்புவது. தலைநகர் ரெய்க்யவிக்கிலிருந்து அந்த ஏரி ஏறத்தாழ 370 கிலோமீட்டர். கிட்டத்தட்டப் பினாங்கு தூரம்தான், ஆனால் அப்பா அதை மூன்று நாளாகப் பிரித்திருந்தார். நடு மலைநாட்டுக்குப் போகும் 'எஃப்' சாலைகள் மே மாதத்தில் திறந்திருக்காது, அந்த ஆசையும் வேண்டாம். விமானம் இறங்கிய நாளில் ஓட்டுவது கெஃப்லாவிக் விமான நிலையத்திலிருந்து ரெய்க்யவிக் வரையுள்ள 50 கிலோமீட்டர் மட்டும். தூங்கி எழுந்த பிறகுதான் மற்றது.

ஒரு பக்கம் முழுக்கப் பாலங்களைப் பற்றி எழுதியிருந்தார். வட்டச் சாலை 1974-இல்தான் முழுமையடைந்தது. அதற்கு முன் தென்கிழக்கில் பனியாற்று நீர் ஓடும் பெரிய மணல்வெளியைத் தாண்டப் பாலமில்லை. அந்தப் பக்கத்து மக்கள் தலைநகருக்குக் காரில் போக வடக்கே தீவையே சுற்ற வேண்டியிருந்தது. 1996-இல் பனிப்படலத்துக்கு அடியில் எரிமலை வெடித்து, உருகிய நீர் வெள்ளமாகப் பாய்ந்து ஒரு பாலத்தை அடித்துக்கொண்டு போனது. முறுக்கிக் கிடந்த இரும்பு உத்தரங்களை நினைவுச்சின்னமாகச் சாலையோரம் வைத்திருக்கிறார்கள். "இதை நான் பார்க்கணும்," என்றார். அருவியைப் பற்றிக்கூட அப்படிச் சொல்லவில்லை.

அம்மாவின் கவலை வேறு. செவ்வாய், வெள்ளி சைவம். அங்குள்ள மலிவு விலைப் பேரங்காடி ஒன்றின் சின்னமே இளஞ்சிவப்புப் பன்றி என்று மகள் படம் காட்ட, அம்மா ரைஸ் குக்கரை இப்போதே பெட்டியில் வைத்துவிட்டார். நம் மூன்று முனை பிளக் அங்கே சேராது, இரண்டு உருண்டை முனை கொண்ட அடாப்டர் வேண்டும். ஸ்கீர் என்று கெட்டித் தயிர் மாதிரி ஒன்று எங்கும் கிடைக்கிறதாம். தயிர்சாதம் உறுதி.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், மறுபடி கணக்குப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. நீங்களும் திட்டமிட்டால் இரண்டு காரியம் மட்டும் மறக்காதீர்கள். தானியங்கி எண்ணெய் நிலையங்களில் ரகசிய எண் உள்ள அட்டை கேட்கும், அதைக் கிளம்புமுன்னே வங்கியில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தொண்டூழிய மீட்புக் குழுவினரின் சேஃப்டிராவல் இணையத்தளத்தில் உங்கள் பயணப் பாதையைப் பதிந்துவைக்கலாம். அவசர எண் 112.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஐந்து இருக்கைகள் வரைந்திருந்தார். ஓட்டுநர் இருக்கையில் என் பெயர், சில நாள்களில் கணவர் பெயர். பக்கத்து இருக்கையில் எல்லா நாளும் ஒரே வார்த்தை: கெலிண்டான்.

சிங்கப்பூர் வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கெலிண்டான் என்றால் லோரி ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வரும் உதவியாள். சரக்கு இறக்குவது, டயரைத் தட்டிப் பார்ப்பது, ஓட்டுநர் தூங்காமல் பேச்சுக் கொடுப்பது அவர் வேலை. அப்பாவிடம் எத்தனையோ கெலிண்டான்கள் வேலை பார்த்திருக்கிறார்கள். அவர் ஒருநாளும் அந்த இருக்கையில் உட்கார்ந்ததில்லை.

"ஊசி போட்டா பத்து நிமிஷத்துல சாப்பாடு. அது உன் பொறுப்பு," என்றார் அம்மாவிடம். என் பக்கம் திரும்பினார். "ஒவ்வொரு சந்திப்புலயும் நான் 'வலது'ன்னு சத்தம் போடுவேன். வானொலிக்காரிங்கிறதால நீ பாட்டுக்குப் பேசிட்டே ஓட்டக்கூடாது. கோஸ்தான் எடுக்கிறப்ப நான் இறங்கி நிப்பேன்."

"குளிரும்ப்பா."

"நிப்பேன். கதவையும் நான்தான் முதல்ல திறப்பேன். காத்து எந்தப் பக்கம்னு பார்க்கணும்."