சேரியில் பூட்டிய புல்லட்

நிலம் இல்லை, வீட்டுக்குப் பட்டா இல்லை, இவனுக்கு எதுக்கு புல்லட்? ஊர்த்தெருக்காரர்கள் இப்படிக் கேட்டால் பதில் நம்மிடம் தயாராக இருக்கிறது. திண்டிவனத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் இதை நம் தோழர் ஒருவரே கேட்டார். பஞ்சமி நிலத்தை மீட்க வேண்டிய இளைஞர்கள் எஞ்சினுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், இது வெறும் நுகர்வு மோகம், புள்ளிங்கோ கலாச்சாரம் என்று வருத்தப்பட்டார். பஞ்சமி நிலம் பற்றி எனக்கும் அவருக்கும் சண்டை இல்லை. பாலிஷ் போடுவதைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

என் பெரியப்பா மகன் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுத் திண்டிவனத்தில் ஒரு மெக்கானிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். மூன்று வருஷம் மண்ணெண்ணெயில் செயின் கழுவுவதும், பஞ்சர் ஒட்டுவதும், ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பதும்தான் வேலை. "ஹெட்டைக் கழட்டற நேரம் வந்தா, போயி டீ வாங்கினு வாடான்னுவாரு. நான் தூக்குல டீ வாங்கினு வர்றதுக்குள்ள எல்லாத்தையும் மூடிடுவாரு" என்று அண்ணன் சொல்வார். வேதத்தைக் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்னது கௌதம தர்ம சூத்திரம். சூத்திரனுக்கே அந்தக் கதி. திண்டிவனத்தில் நமக்கு ஈயத்துக்குப் பதில் டீ. அவ்வளவுதான் வித்தியாசம். கண்ணுக்குக் காட்டாததை அண்ணன் காதால் கற்றுக்கொண்டார். டேப்பட் தட்டுகிற சத்தம் எது, பிஸ்டன் ஆடுகிற சத்தம் எது என்று தெருவில் போகிற வண்டியைக் கேட்டே சொல்லிவிடுவார்.

2011-ல் அவர் பழைய இரும்புக்காரர் ஒருவரிடமிருந்து ஒரு புல்லட்டை வாங்கினார். வாங்கினார் என்றால் ஓட்டிக்கொண்டு வரவில்லை. சேசிஸ் தனியாக, எஞ்சின் சாக்கு மூட்டையில். ஆர்.சி. புத்தகம் மட்டும் ஒழுங்காக இருந்தது. இங்கிலாந்து வண்டியான புல்லட் 1955-லிருந்து சென்னைத் திருவொற்றியூரில் தயாரானது. பட்டாளமும் போலீசும் அதில் ஏறி உட்கார்ந்தன. எங்கள் காலனிக்குள் அந்தச் சத்தம் முதலில் வந்ததே போலீசோடுதான். 1978 ஜூலையில் விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். அந்தச் சமயத்தில் புல்லட் சத்தம் கேட்டாலே ஆம்பிளைகள் கரும்புக் கொல்லைக்குள் ஓடிவிடுவார்கள் என்று ஆயா சொல்லும். மூட்டையை அவிழ்த்தபோது, "இந்த எழவு சத்தத்த வூட்டுக்குள்ளயே கொண்டாந்துட்டியாடா" என்றுதான் கேட்டது.

எட்டு மாதம் வேலை நடந்தது. போர் 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 90 மில்லிமீட்டர், மொத்தம் 346 சிசி. பிஸ்டன் நீளமாக நடக்கிற எஞ்சின், கூடவே கனமான ஃப்ளைவீல். அந்த நிதானமான டுப் டுப் சத்தம் அதிலிருந்துதான் வருகிறது. சிலிண்டர் தேய்ந்து வட்டமே கெட்டுப் போயிருந்தது. வார்ப்பிரும்பு சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அலுமினியம் சீக்கிரம் விட்டுவிடும் என்று அதே அளவில் அலுமினிய பேரல் தேடிப் பிடித்தார். பாயிண்ட்டைத் தூக்கிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் வைத்தார். ஹெட்டில் காற்று நுழைகிற வழியில் வார்ப்பின் சொரசொரப்பு அப்படியே இருந்தது. அதை விரலில் எமெரித் தாள் சுற்றி வழவழப்பாக்கினார். வால்வுக்குப் பேஸ்ட் தடவி உள்ளங்கையால் உருட்டி உருட்டித் தேய்த்து, பெட்ரோல் ஊற்றிக் கசிகிறதா என்று பார்த்தார். கசிந்தது. மறுபடியும் தேய்த்தார். புல்லட் என்றால் ஆயில் ஒழுகத்தான் செய்யும் என்று எல்லோரும் சொல்வார்கள். அண்ணன் கண்ணாடிப் பலகை மேல் எமெரித் தாளை விரித்து, ஒவ்வொரு கவரின் விளிம்பையும் மட்டமாகத் தேய்த்துப் பேக்கிங் போட்டார். ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை.

500 சிசியின் பேரலும் ஹெட்டும் ஏற்றிவிடலாம் என்று கூட்டாளிகள் சொன்னார்கள். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "புக்குல முந்நூத்தம்பதுன்னு இருக்குது. மத்தவன் மாத்துனா ஆசை, நாம மாத்துனா கேசு" என்றார். அதே காரணத்துக்காக சைலன்சரையும் மாற்றவில்லை. ஓப்பன் சைலன்சர் கேட்டு வருகிற பையன்களுக்கு இன்றைக்கும் அவர் பாடம் எடுப்பார்: புகை சுலபமாக வெளியே போனால் உள்ளே காற்று கூடும், பெட்ரோல் பத்தாது, சூடேறும். கார்ப்பரேட்டர் ஜெட்டை மாற்றாமல் சத்தத்தை மட்டும் கூட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

அலங்காரம் கடைசியில்தான் வந்தது. டைமிங் கவர், கிளட்ச் கவர் எல்லாவற்றையும் 220 நம்பர் உப்புத்தாளில் ஆரம்பித்து 1000 வரைக்கும் தண்ணீர் விட்டுத் தேய்த்தோம். ஆண்டை வீட்டு மாட்டுக் கொட்டகை வாரிய அத்தையின் கையும், அப்போது ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்த என் தங்கச்சியின் கையும்தான் அதில் அதிகம் உழைத்தன. பிறகு விழுப்புரத்தில் பஃபிங் கொடுத்தோம். முகம் தெரிந்தது. இதுக்கெல்லாம் எதுக்குண்ணா செலவு என்று கேட்டேன். "அடுத்தவன் செஞ்சதுன்னா மூடி வெச்சிக்கலாம். இது நாம செஞ்சது" என்றார்.

சாலைக்கு வந்த முதல் மாதத்திலேயே இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தினார்கள். சைலன்சரை மாத்தியிருக்கியாமே என்று கேள்வி. கம்பெனி சைலன்சர் சார் என்று குனிந்து காட்டினார். புகார் கொடுத்தது ஊர்த்தெரு. அதே தெருவில் இன்னும் இரண்டு புல்லட் ஓடுகிறது, உண்மையிலேயே ஓப்பன் சைலன்சரோடு. அண்ணன் சத்தத்தைக் கூட்டவில்லை. ஊருக்குத்தான் அதிகமாகக் கேட்டது.

ஏன் கேட்காது? என் அப்பா வாடகை சைக்கிளை அந்தத் தெரு முனையில் இறங்கித் தள்ளிக்கொண்டு போய், அடுத்த முனையில்தான் ஏறுவார். பொதுத்தெருவில் எல்லோரும் நடக்கலாம் என்று இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தது 1924-ல். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் செய்த திருத்தம், சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டவிடாமல் தடுப்பது குற்றம் என்று தனியாகவே எழுதியிருக்கிறது. அப்படி எழுத வேண்டிய நிலைமையில்தான் நாடு இருக்கிறது. 2012-ல் மருத்துவர் ராமதாஸ் நம் பையன்களின் ஜீன்சையும் டீ-சர்ட்டையும் கூலிங் கிளாசையும் குற்றப்பத்திரிகையில் சேர்த்தார். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். புல்லட் ஓட்டியதற்காகத்தான் என்றது குடும்பத்தின் புகார். பிடிக்கிற கையைத்தானே வெட்டுவார்கள்?

வண்டியும் நாமும் என்றால் அம்பேத்கரிடமிருந்துதான் தொடங்க வேண்டும். 1901-ல் சிறுவனாக அவர் மசூர் ரயில் நிலையத்தில் இறங்கியபோது, வண்டிக்காரன் தீட்டு என்று ஓட்ட மறுத்தான். இரட்டைக் கூலி கொடுத்துப் பிள்ளைகளே மாட்டு வண்டியை ஓட்டினார்கள். 1929-ல் சாலிஸ்கானில் குதிரை வண்டிக்காரன் வண்டியைக் கொடுத்தான், ஓட்ட வரமாட்டேன் என்றான். பழக்கமில்லாத நம் ஆள் ஒருவர் ஓட்டினார். வழியில் ஒரு பாலத்தின் மேல் அம்பேத்கர் தூக்கி எறியப்பட்டுக் கால் எலும்பு முறிந்தது. அவர் மானத்தைக் காப்பாற்ற நினைத்தவர்களால் உயிருக்கே ஆபத்து வந்தது. வண்டி கிடைத்தால் மட்டும் போதாது, அந்த வித்தையும் நம் கையில் இருக்க வேண்டும் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

இதில் நம் வீட்டுக் கணக்கும் ஒன்று இருக்கிறது. 220-லிருந்து 1000 வரை தேய்த்த தங்கச்சிக்குச் சாவி கிடைக்க இரண்டு வருஷம் ஆனது. "பொம்பளப் புள்ளைக்கு அந்தக் கிக்கர் அடங்காது" என்றார்கள். அவள் டீகம்ப்ரஸரை அழுத்தி, ஒரே உதையில் கிளப்பினாள். பலம் தேவையில்லை, முறை தெரிந்தால் போதும். டீ வாங்க அனுப்புகிறவர்கள் நம் வீட்டுக்குள்ளேயும் இருக்கிறார்கள்.

அண்ணன் இப்போது கூட்டேரிப்பட்டுப் பக்கம் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறார். நாலு பையன்கள் வேலை கற்கிறார்கள். சிலிண்டர் போர் பண்ண மட்டும் இன்றைக்கும் அடுத்தவர் லேத்துப் பட்டறைக்குத்தான் ஓட வேண்டும். அங்கே நம் வேலை கடைசியில்தான் மேசைக்கு வரும். தாட்கோவில் கடன் என்றதும் நாம் ஆட்டோவும் வேனும்தான் கேட்கிறோம். தோழர்களே, நிலத்துக்கு மனு கொடுக்கும்போது லேத்துக்கும் போரிங் மெஷினுக்கும் சேர்த்துக் கொடுப்போம். பாலிஷ் போடுகிற பையன்களை அதற்கப்புறம் கண்டிக்கலாம்.