காரில் காத்திருந்த நாலு பேர்

கையில் சில டாலர்தான். கூட பசியோட ஒரு தங்கச்சி, ரெண்டு தம்பி. நீங்களா இருந்தா என்ன வாங்குவீங்க? பதிமூணு வயசு டைசிக்கு தினமும் இதே கணக்குதான்.

சிந்தியா வாய்ட் 1981-ல் எழுதின ‘ஹோம்கமிங்’ நாவல் பத்திச் சொல்றேன். அமெரிக்காவில் ஒரு ஷாப்பிங் சென்டர் வாசல். நாலு பிள்ளைகளையும் காரில் உட்கார வைத்துவிட்டுப் போன அம்மா திரும்பி வரவே இல்லை. அப்பா எப்பவோ போய்விட்டார். போலீஸுக்குத் தெரிந்தால் ஆளுக்கொரு பக்கம் பிரித்துவிடுவார்கள் என்று பயம். அதனால், பார்த்தே இராத ஒரு சொந்தக்காரப் பாட்டி வீட்டுக்கு நடக்க ஆரம்பிக்கிறார்கள். போய்ச் சேர்ந்தால், அந்தப் பாட்டி செத்துப்போயிருக்கிறார்!

வழியில் மீன் பிடிக்கிறார்கள். ஆறு வயசு சாமி, பார்க்கில் யாரோ வைத்திருந்த சாப்பாட்டைத் திருடிக்கிட்டு வர்றான். நடந்துக்கிட்டே இருக்காங்க, நடுவுல கொஞ்சம் இழுவைதான். ஆனா, கடைசியில் வர்ற சொந்தப் பாட்டி இருக்காங்களே... சான்ஸே இல்ல! ‘இங்க தங்க முடியாது’ன்னு கறாரா சொல்ற அவங்க வீட்டுல, இவங்களே வேலையை இழுத்துப்போட்டு செஞ்சு ஒட்டிக்கிறாங்க. தொடர்ச்சியான ‘டைசிஸ் ஸாங்’ 1983-ல் நியூபெரி மெடல் வாங்கிச்சு.

இதை எதுக்கு உங்ககிட்ட சொல்றேன்? நான் பத்தாவது படிச்சப்ப, எங்கப்பா கடனுக்குப் பயந்து ஏழு மாசம் வீட்டுக்கே வரலை. அம்மா ராத்திரி பகலா தையல் மெஷினே கதி. ‘அப்பா மஸ்கட்ல இருக்கார்’னு கிளாஸ்ல புளுகினேன். அவர் திரும்பி வந்த பிறகும், காலேஜ் சேர்ற வரைக்கும் சரியா பேசலை.

காலேஜ் லைப்ரரியில்தான் இந்த புக் கிடைச்சது. டைசியோட அம்மா பாஸ்டனில் ஒரு மனநல ஆஸ்பத்திரியில், யாரையும் அடையாளம் தெரியாமல் கிடக்கிறாள். அந்தப் பக்கத்துலயே நின்னுட்டேன். அவளுக்குப் பிள்ளைங்க மேல பாசம் இருந்துச்சு. விட்டுட்டுப் போனதும் நிஜம். ரெண்டுல ஒண்ணைத்தான் நம்பணும்னு நான் நினைச்சிருந்தேன்.

அந்த வாரம் ஊருக்குப் போனேன். அப்பா தோசை சாப்பிட்டுட்டு இருந்தார். தண்ணி வெச்சுட்டு, “அந்த ஏழு மாசம் எங்கப்பா சாப்பிட்டீங்க?”ன்னு கேட்டேன்.

தட்டைப் பார்த்துக்கிட்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம், “திருப்பூர்ல ஒரு மெஸ்லம்மா. பரிமாறினா ரெண்டு வேளை சோறு போட்டாங்க...”ன்னு ஆரம்பிச்சார்.