கண்ணாடிப் போத்தலில் விரிந்த இலை

எழுதிப் பழக்கமில்லாதவர்கள் நாங்கள். அக்கா, தங்கை இருவருடைய படிப்பும் 2008இல் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்ததோடு நின்றுவிட்டது. பிறகு முகாம், பிறகு வேறு நாடுகள், இப்போது ரொறன்ரோவின் கிழக்கே ஸ்காபரோவில் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறை, ஏஜென்சி அனுப்புகிற இடத்தில் தொழிற்சாலை வேலை. "புதிதாக வந்த குடும்பங்களுக்குப் பிரயோசனமாக ஏதாவது எழுதித் தாருங்கள்" என்று இந்தச் சஞ்சிகைக்காரர் கேட்டபோது, என்ன எழுதுவது என்று இரண்டு கிழமை யோசித்தோம். வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் பற்றியெல்லாம் எங்களைவிட விபரம் தெரிந்தவர்கள் எழுதுகிறார்கள். எங்களுக்கு வடிவாகத் தெரிந்தது ஒரு தேத்தண்ணிப் போத்தலைப் பற்றித்தான். அதையே எழுதுகிறோம்.

ஊரிலே சுடுதண்ணிப் போத்தல் என்றால் உங்களுக்குத் தெரியும். வெளியே பூப்போட்ட தகரம் அல்லது பிளாஸ்ரிக், உள்ளே வெள்ளி பூசிய கண்ணாடி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும், கைக்குழந்தைக்குப் பால் கரைக்கவும் அதை வைத்திருப்பார்கள். கைதவறி விழுந்தால் உள்ளே 'சலக்' என்று ஒரு சத்தம் கேட்கும். வெளியே ஒரு கீறலும் இராது, ஆனால் போத்தல் போய்விட்டது என்று வீட்டிலுள்ள எல்லோருக்கும் விளங்கிவிடும். இரண்டு கண்ணாடிச் சுவர்களுக்கு நடுவில் காற்றை எடுத்துவிட்டால் சூடு வெளியேறாது என்று 1892இல் கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் டூவர் என்ற விஞ்ஞானியாம். நாங்கள் சொல்லப் போகிற போத்தலும் அதன் தம்பிதான். ஆனால் வெள்ளிப் பூச்சு இல்லை. இரட்டைச் சுவராக இருந்தாலும் உள்ளே இருப்பது அப்படியே தெரியும். வாயில் ஒரு சிறிய வடி, அதன்மேல் மூடி. ஒரு சாண் உயரம், கைப்பையில் அடங்கும்.

அதை முதலில் கண்டது, வந்த முதல் வருடம் நாங்கள் வேலை செய்த பிளாஸ்ரிக் மூடி வார்க்கும் தொழிற்சாலையில். இயந்திரத்துக்குப் பக்கத்தில் சித்திரை வெயில் மாதிரிச் சூடு, கதவைத் திறந்தால் மார்கழிப் பனி. சாப்பிட அரை மணித்தியாலம். அதற்குள் வெளியே போய்க் கோப்பி வாங்கி வந்தால் குடிக்க நேரமில்லை. ஒரு நாளைக்கு இரண்டு பேருக்கும் கோப்பிக் காசு என்று கணக்குப் பார்த்தால், மாதக் கடைசியில் அம்மாவுக்கு அனுப்புகிற காசில் கைவைக்க வேண்டி வரும்.

எங்கள் வரிசையில் ஒரு சீன அக்கா நின்றார். ஐம்பது வயதைத் தாண்டியவர். சாப்பாட்டு மேசையில் அவர் முன்னால் எப்போதும் இந்தப் போத்தல் இருக்கும். உள்ளே பச்சை இலைகள் மிதக்கும். கஷாயம் குடிக்கிறார், ஏதோ வருத்தமாக்கும் என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஒரு நாள் இரக்கப்பட்டு, "உங்களுக்கு என்ன சுகமில்லை?" என்று கேட்டே விட்டோம். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பனி தொடங்கியபோது அவரே எங்களுக்கும் ஒரு போத்தல் வாங்கி வந்து தந்தார், ஒரு சிறு பைக்கற் தேயிலையோடு. நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? வீட்டுக்குக் கொண்டுபோய் இலையைப் போட்டு, கொதிதண்ணியை ஊற்றி, ரின்பால் விட்டு, மூன்று கரண்டி சீனியும் போட்டு ஆட்டிக்கொண்டு போனோம். வடியில் பால் ஆடை அடைத்து, துளித்துளியாகத்தான் வந்தது. அந்த மனுசி எங்கள் போத்தலைப் பார்த்த பார்வை இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. ஒன்றும் சொல்லவில்லை. போத்தலை வாங்கிக் கழுவி, தன்னுடைய இலையில் கொஞ்சம் போட்டு, முதலிலிருந்து காட்டித் தந்தார்.

அவர் காட்டித் தந்த முறை இதுதான். ஒரு தேக்கரண்டி இலை போதும், அதற்கு மேல் வேண்டாம். உருண்டையாகச் சுருட்டிய இலையென்றால் நன்றாகக் கொதித்த தண்ணீர் ஊற்றலாம். முதல் தண்ணீரை உடனே ஊற்றிவிட வேண்டும், அது இலையை எழுப்புகிற தண்ணீர். (இதைப் பார்த்தால் அம்மா, சாயத்தை வீணாக ஊற்றுகிறீர்களே என்று ஏசுவார்.) தட்டையான பச்சைத் தேயிலையென்றால் கொதித்த தண்ணீரைச் சில நிமிடம் ஆறவிட்டு, 80 பாகை அளவில் ஊற்ற வேண்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கைக்கும். எவர்சில்வர்ப் போத்தலில் பச்சை இலையைப் போட்டு மூடி வைத்தால், அது மணிக்கணக்காகச் சூட்டைப் பிடித்து வைத்து இலையை அவித்துவிடும். கண்ணாடிப் போத்தல் அவ்வளவு நேரம் சூட்டை வைத்திராது. அதுதான் இந்த இலைக்கு நல்லது.

முக்கியமான விசயம், கடைசிச் சொட்டுவரை குடிக்கக் கூடாது. மூன்றில் ஒரு பங்கை அடியில் விட்டு, அதன்மேல் சுடுதண்ணீர் விட வேண்டும். அப்போதுதான் அடுத்த முறையும் சாயமும் மணமும் இருக்கும். காலையில் போட்ட இலை பின்னேரம்வரை மூன்று நாலு தண்ணீருக்குத் தாங்கும். இப்படி அடியில் விடுவதற்குச் சீனத்தில் ஒரு சொல் இருக்கிறது. "வேரை விட்டு வைக்கிறது" என்று அதற்கு அர்த்தமாம். அக்கா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் "றூற், றூற்" என்று போத்தலின் அடியைத் தொட்டுக் காட்டினார். எங்கள் ஆங்கிலமும் அந்த அளவுதான் என்பதால் நன்றாக விளங்கியது.

அவருடைய ஊர் ஃபூஜியன் மாகாணத்தில் அன்சி. பெயர்பெற்ற தியகுவான்யின் தேயிலை விளைகிற மலைப்பகுதி. இவருடைய வீட்டாரும் தேயிலைத் தோட்டக்காரர்தான். தொழிற்சாலையில் இருந்த மற்றச் சீனர்கள் தேயிலையை 'சா' என்றார்கள். இவர் மட்டும் தன் ஊர்ப் பேச்சில் 'தே' என்றார். நாங்கள் திடுக்கிட்டுப் போனோம். 'தே' என்றால் எங்கள் 'தேயிலை'யின் தே! விசாரித்துப் பார்த்தால், தென் ஃபூஜியன் கடற்கரையில் தேயிலை வாங்கிய ஒல்லாந்தக் கப்பல்கள் அந்தச் சொல்லையும் ஏற்றிக்கொண்டு போயினவாம். ஆங்கிலத்து 'ரீ'யும் அங்கிருந்து வந்ததுதான். சொல் மட்டுமா வந்தது? இலங்கைக்கு முதல் தேயிலைச் செடி 1824இல் சீனாவிலிருந்து பேராதனைப் பூங்காவுக்கு வந்தது. 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரவில் அதைத் தோட்டமாக்கினார். பிறகு மலை மலையாக ஏறிய அந்தத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்கள் யார் என்பது வாசகர்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் எங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் அம்மாவின் அம்மா அப்படிக் கொழுந்து பறித்தவர். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு அம்மம்மா இருந்தார், எங்களுக்கு அம்மாயி. அட்டன் பக்கத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவர். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவரானார். 1977 ஓகஸ்ட் கலவரத்தில், பதினொரு வயதான அம்மாவைக் கையில் பிடித்துக்கொண்டு வன்னிக்கு ஓடி வந்தார். ஆக, அகதி என்ற சொல் எங்கள் வீட்டுக்குக் கனடாவில் வந்த சொல் அல்ல. அகதிக் கோரிக்கைப் படிவத்தில் இதையெல்லாம் உண்மையாக எழுதினோம். சாப்பாட்டு மேசையில்தான் சொல்வதில்லை. "எந்த ஊர்?" என்று தமிழ்ச் சனம் கேட்டால் "கிளிநொச்சி" என்று சொல்லி நிறுத்திக்கொள்வோம். "கிளிநொச்சியில எந்தப் பக்கம், சொந்த ஊரே அதுதானோ?" என்று மேலும் கேட்டால் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். ஏன் நிறுத்திக்கொண்டோம் என்பது விளங்குகிறவர்களுக்கு விளங்கும்.

அம்மாயி வாழ்நாளில் குடித்தது தூள் தேத்தண்ணிதான். உடைத்துச் சலித்து, நல்லதெல்லாம் பெட்டியில் ஏறிக் கப்பலுக்குப் போன பிறகு மிஞ்சுகிற தூள். அதைக் கறுக்கக் கறுக்கக் காய்ச்சி, ஒரு சிறு துண்டுப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பார். "எத்தன ஆயிரம் றாத்தல் பறிச்சிருப்பேன். நல்லது எப்படி இருக்கும்னு வாயில வச்சுப் பாத்ததில்லடி" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அது பகிடிக்குச் சொன்ன கதை என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தோம்.

சீன அக்கா காட்டித் தந்த அன்றிரவு, அவர் தந்த பைக்கற்றில் மிச்சமிருந்த உருண்டை இலையைப் போட்டு, போத்தலை மேசையில் வைத்து விளக்கைப் போட்டோம். மிளகு போலிருந்த உருண்டைகள் மெல்ல அவிழ்ந்தன. ஒரு காம்பு, ஒரு நரம்பு, பல்லுப்பல்லான ஓரம். கொஞ்ச நேரத்தில் முழு இலை முழு இலையாக நின்றது. முப்பது வயதைத் தாண்டிய நாங்கள், கொழுந்து பறித்தவரின் பேரப்பிள்ளைகள், தேயிலை இலையாக இருந்து பார்த்தது அன்றைக்குத்தான். எங்களில் இளையவள் அழத் தொடங்கிவிட்டாள். மூத்தவள் அழவில்லை என்று எழுதச் சொல்கிறாள். எழுதியாயிற்று.

அடுத்த நாள் அம்மாவுக்குத் தொலைபேசியில் படத்தோடு எடுத்து, போத்தலைக் கமராவுக்குக் கிட்டக் காட்டினோம். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். நாங்களும் அவர் கண்கலங்கப் போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். "முத்தல் இலை" என்றார். "இப்பிடிப் பறிச்சுக்கொண்டு போனா கங்காணி கூடையோட கொட்டிடுவான். இரண்டு இலையும் ஒரு கொழுந்தும்தான் எடுக்கோணும்." பதினொரு வயதில் விட்டுவந்த மலையைப் பற்றி அம்மா அத்தனை உறுதியாகப் பேசி நாங்கள் கேட்டதில்லை. அவர் சொன்னதைச் சீன அக்காவிடம் சொன்னபோது, அந்தத் தேயிலைக்குக் கொஞ்சம் முற்றிய இலைதான் வேண்டும், கொழுந்தைப் பறித்தால் மணம் வராது என்று அவர் வாதாடினார். எங்கள் தொலைபேசி வழியாக இரண்டு மலைக்காரிகளும் ஒரு மாதம் சண்டை பிடித்தார்கள்.

பிறகுதான் மேசைச் சம்பவம். எங்கள் போத்தலைப் பார்த்து ஒரு அண்ணா, "இதென்ன, தோட்டக்காட்டார் மாதிரி இலையை அவிச்சுக் குடிக்கிறியள்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இந்த மாதிரி நேரத்தில் நாங்களும் சேர்ந்து சிரிப்பதுதான் வழக்கம். அன்றைக்கு இளையவள், "ஓம் அண்ணா, நாங்கள் தோட்டக்காடுதான். எங்கட அம்மாயி அட்டனில கொழுந்து பறிச்சவ" என்றாள். மூத்தவளுக்குக் கைகால் நடுங்கியது. "சும்மா பகிடிக்குச் சொன்னனான், பிள்ளை" என்று அவர் சோற்றுப் பெட்டியைத் திறந்தார். கெட்ட மனிதர் இல்லை. அதற்குப் பிறகு எங்களோடு கதைப்பது கொஞ்சம் குறைந்துபோனது, அவ்வளவுதான். வேலை முடிந்து லொக்கரைத் திறக்கும்போது, எங்களோடு அதிகம் கதைக்காத ஒரு அன்ரி பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில், "எந்தத் தோட்டம்?" என்று கேட்டார். சொன்னோம். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அவருக்கு ஏன் அது தெரிய வேண்டியிருந்தது என்று நாங்கள் கேட்கவில்லை.

இனி, புதிதாக வந்தவர்கள் இந்தப் போத்தல் வாங்கினால் கவனிக்க வேண்டியவை. நாங்கள் பட்ட பாட்டை நீங்களும் பட வேண்டாம். பின்னொரு பனிக்காலத்தில் ஏஜென்சி எங்களை ஒரு பாண் தொழிற்சாலைக்கு மாற்றியது. வழக்கம் போல் போத்தலைக் கொண்டுபோனோம். சுப்பவைசர் கண்டுவிட்டு, இருவருக்கும் எழுத்தில் எச்சரிக்கை தந்தார். ஒரு வாரம் நித்திரை இல்லை, வேலை போய்விடுமோ என்று. யோசித்துப் பார்த்தால் அவர்கள் பக்கம் நியாயம்தான். மாவுக்குள் ஒரு கண்ணாடித் துண்டு விழுந்தால் முழுவதையும் கொட்ட வேண்டும், யாராவது தின்றால் அதைவிடப் பெரிய பாவம். சாப்பாட்டுப் பொருள் செய்கிற இடங்களுக்குக் கண்ணாடி எதுவும் கொண்டுபோகாதீர்கள். முதல் நாள் தருகிற கடதாசிகளில் அது எழுதியிருக்கும். விளங்காவிட்டால் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், வெட்கப்படாமல் கேளுங்கள். நாங்கள் தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்து வைத்தோம். பிழை அங்கேதான்.

தண்ணீரோடு காருக்குள் இராப்பொழுது விட்டுவிடாதீர்கள். தண்ணீர் உறைந்தால் பெருக்கும், போத்தல் வெடிக்கும். எங்கள் முதல் போத்தல் அப்படித்தான் போனது. வெளிக்குளிரிலிருந்து கொண்டுவந்த உடனே கொதிதண்ணி ஊற்றாமல், இளஞ்சூட்டுத் தண்ணீரால் ஒருமுறை அலசுங்கள். கழுத்துவரை நிரப்பி இறுக்கி மூடாதீர்கள். இன்னொன்று, இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைவு என்று டொக்ரர் சொன்ன பெண்கள் சாப்பாட்டோடு சேர்த்துத் தேத்தண்ணி குடிக்கக் கூடாது. மரக்கறியிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடம்பு எடுப்பதை அது குறைத்துவிடும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். எங்களில் ஒருத்திக்கு அந்தக் குறை இருப்பதால் தெரியும்.

சீன அக்கா இப்போது வேலையிலிருந்து நின்றுவிட்டார், மகனோடு இருக்கிறார். பெருநாளுக்கு நாங்கள் பலகாரம் கொண்டுபோவோம், அவர் இலை தருவார்.

போன மாதம் அம்மாவிடம் கொஞ்சம் தேயிலை அனுப்பட்டுமா என்று கேட்டோம். "எனக்கு முத்தல் இலை வேண்டாம். அந்தக் கண்ணாடிப் போத்தல்தான் வேணும்" என்றார். கிளிநொச்சியில் அவருக்கு முழு இலைக்கு எங்கே போவது என்று கேட்டால், அதை நான் பார்த்துக்கொள்கிறேன், அட்டனில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள் என்கிறார். 1977க்குப் பிறகு அம்மா அந்தப் பக்கம் போனதில்லை. பார்சல் கடைக்காரர், "கண்ணாடியோ? உடைஞ்சா நாங்கள் பொறுப்பில்லை" என்று சொல்லிவிட்டார். ஆகவே மூடியைத் தனியாகக் கழற்றி, போத்தலுக்குள் காலுறை திணித்து, இரண்டு சுவெற்றரில் சுற்றி, பெட்டியின் நடுவில் வைத்திருக்கிறோம். சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.