சேற்றில் உறையும் சுரம்

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது முதுமொழி. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நாடெங்கும் ஊரடங்கு பிறந்த நாள்தொட்டு, வன்னிவாழ் மக்களாகிய எமக்கு இருமலெல்லாம் கொரோனாவாகவே தோன்றலாயிற்று. அவ்வச்சம் வீணானதன்று, பல உயிர்களைக் காத்தது. ஆயினும், ஒரு நோயையே எண்ணியிருப்பார்க்கு மற்றொரு நோய் புலப்படாது போதலும் உண்டு. அதனை எம் குடும்பத்திலேயே கண்டோம்.

2021ஆம் ஆண்டின் இறுதியில், காலபோக வயலே கதியென்றிருந்த எம் பெரியப்பா காய்ச்சலில் வீழ்ந்தார். மூச்சு வாங்கிற்று. கொரோனாப் பரிசோதனை இருமுறை செய்தும் அந்நோய் இல்லையென்றே முடிவு வந்தது. மார்புப் படத்திலோ சளிச்சுரத்தின் நிழல் தெரிந்தது. கயரோகமோ என்ற ஐயமும் எழுந்தது. வழக்கமான மருந்துகளை ஏற்றியும் சுரம் தணியவில்லை. பெரியம்மா உணவையும் மறந்தார்.

அவ்வேளை இளம் வைத்தியர் ஒருவர் கட்டிலருகே வந்து, "ஐயா, என்ன தொழில் செய்கிறீர்கள்? சலரோகம் உண்டோ?" என்று வினவினார். வயல் வேலையென்றும், நெடுநாட் சலரோகமென்றும் அறிந்ததும், இரத்தம் எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்க அனுப்பினார். சில நாளில் விடை கிடைத்தது: மெலியோயிடோசிஸ்.

பெயர் புதிதாயினும் நோய் புதிதன்று. 1912இல் இரங்கூனிலிருந்து விட்மோர், கிருஷ்ணசுவாமி என்னும் இருவர் இதனை உலகுக்கு அறிவித்தனர். இலங்கையில் 1927இலேயே இது பதிவாயிற்று. இதன் கிருமி சேற்றிலும் நீரிலும் வாழ்வது. காற்புண் வழியாகவோ, மூச்சு வழியாகவோ, குடிநீர் வழியாகவோ உடலுட் புகும். மழைக்காலத்தில் மிகும், சலரோகம் உடையாரை எளிதிற் பற்றும். கயரோகம்போலத் தோன்றி ஏமாற்றவும் வல்லது. சளிச்சுரத்துக்கு வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகள் பல இதற்குப் போதா. உரிய மருந்தை இரு வாரமேனும் ஊசிமூலம் ஏற்றி, பின் மூன்று மாதமளவில் மாத்திரை உண்ணல் வேண்டும். பெரியப்பா அவ்வாறே செய்து தேறினார்.

கொரோனா இருப்பவரிடத்தே இந்நோயும் சேர்ந்திருத்தல் கூடும். எலிக்காய்ச்சலும் நுரையீரலைத் தாக்குவதுண்டு. ஆகவே ஒரு பரிசோதனையின் முடிவோடு ஆராய்ச்சி முடிந்துவிடுவதில்லை.

வயலில் இறங்குவோர் காற்புண்ணை மூடிக்கொள்ளட்டும். இயன்றால் நீர்புகாத சப்பாத்து அணியட்டும். காய்ச்சலோடு வைத்தியரை நாடும்போது, எம் தொழில், இறங்கிய வயல், குளித்த குளம், உடலிலுள்ள பழைய நோய் யாவற்றையும் எடுத்துரைப்போம். அவர் கேளாவிடினும் உரைப்போம்.